போற ஊட்டு இனிஷியல்

அம்பத்தூர் புதூரில் லேசரில் பெயர் பொறிக்கும் கடை வைத்திருக்கும் கஜபதிக்கு மனித குலத்தைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான் உண்டு. யாராக இருந்தாலும் தன் பெயர் இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார்கள் என்பதே அது. கருத்து சிறியதுதான், ஆனால் கடையில் அது தினமும் மெய்ப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அடுக்ககச் சங்கத் தலைவர் வருவார். தண்ணீர்த் தொட்டி திறப்புவிழாக் கல்லில் செயலாளர் பெயரைவிடத் தம் பெயர் ஒரு நூல் உயரமாக இருக்கட்டும் என்பார். அவர் போன கொஞ்ச நேரத்தில் செயலாளர் தனியாக வருவார். கஜபதி இருவருக்கும் தலையாட்டுவார். பிறகு தலைவர் பெயரை உயரமாகவும் செயலாளர் பெயரைத் தடிமனாகவும் வைத்து, இருவரையும் ஜெயித்தவர்களாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்தது அம்பத்தூர் எஸ்டேட்டின் கைங்கரியம். மோட்டார்களுக்குப் பெயர்த்தகடு செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். ஒருநாள் பட்டறை போய் அதே இடத்தில் கண்ணாடிக் கட்டடம் வந்தது, உள்ளே ஐ.டி. ஆட்கள் வந்தார்கள். கஜபதி வெளியே வந்தார். பாத்திரக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிர்ரென்று அதிரும் கைமெஷினால் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்ட ஆரம்பித்தார்.

அங்கேதான் அவருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. கல்யாண சீசனில் பெண்ணைப் பெற்றவர்கள் அண்டாவிலிருந்து கரண்டி வரை அடுக்கி வைத்து, "போற ஊட்டு இனிஷியலாவே போட்ருங்க" என்பார்கள். பெண்ணுக்கு அப்பாவின் எழுத்து போய் மாப்பிள்ளையின் எழுத்து வரும். கன்னிகாதானம் என்பது மண்டபத்தில் நடப்பதாகப் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் அது பாத்திரக் கடை வாசலிலேயே முடிந்துவிடும். புரோகிதர், கஜபதி.

பிறகு லேசர் வந்தது. கஜபதி இரண்டு மெஷின்கள் வாங்கினார். கண்ணாடிக் குழாயும் அதைக் குளிர்விக்கத் தண்ணீர் வாளியுமாக இருக்கிற பெரியது மரம், கல், கண்ணாடி, அக்ரிலிக்குக்கு. சின்னது உலோகத்துக்கு மட்டும். இரண்டையும் பெரியவன், சின்னவன் என்றே அழைத்தார். லேசர் கதிருக்கு முன்னால் எல்லாப் பொருளும் ஒன்றல்ல என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். மரத்தைச் சுட வேண்டும், ஆனால் சுட்ட தடம் ஓரத்தில் தெரியக் கூடாது. கண்ணாடிக்குக் கோபம் அதிகம். ஈரத் தாளைப் போர்த்திவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும், இல்லாவிட்டால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். கிரானைட் பார்க்கத்தான் கம்பீரம். அதன் மேல் பளபளப்பு பொரிந்து வெளுக்குமே தவிர, ஆழமாக எதுவும் இறங்காது. பிரமுகர்களுக்குக் கல் பொருத்தமாக இருப்பதன் காரணத்தை கஜபதி இவ்வாறாகக் கண்டுபிடித்திருந்தார்.

இப்படிப்பட்ட ஞானியின் வீட்டில்தான் மகள் ரேவதி ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவே தன் கல்யாண விஷயத்தைச் சொன்னாள். பையன் பெயர் அபிஷேக், அதே கண்ணாடிக் கட்டடத்தில் அவளோடு வேலை பார்க்கிறவன்.

"பையன் ஊடு எங்க கீது?" என்றார் அவள் அம்மா லோகநாயகி.

"திருநின்றவூர்."

"அவங்க அப்பா இன்னா பண்றாரு?"

"ரிட்டயர்டு. இன்ஸ்பெக்டரா இருந்தாரு."

லோகநாயகியின் கை ரசக் கரண்டியோடு நின்றது. "போலீஸா?"

"க்வாலிட்டி இன்ஸ்பெக்டர்மா. ஆவடி பக்கம், டாங்கி செய்யற டிஃபென்ஸ் ஃபேக்டரில."

"அது போலீஸவிட மோசம்" என்றார், பட்டறைக் காலத்தில் அந்த இனத்திடம் நிறைய அனுபவித்திருந்த கஜபதி. "போலீஸ்னா பேசியாவது பாக்கலாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா ரவிச்சந்திரன், மனைவி மங்களத்தோடும் மகன் அபிஷேக்கோடும் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குவார்ட்டர்ஸில் பல வருஷம் இருந்துவிட்டுத் திருநின்றவூரில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர். நாற்காலியை லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். முறுக்கை எடுத்துச் சுற்றுக்குச் சுற்று தடிமன் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடித்தார். இந்தச் சம்பந்தத்தை மறுக்க அவரிடம் வேறு காரணங்கள் இருந்தன. ஊர், உறவு, என்ன ஆட்கள் என்ற வகையைச் சேர்ந்த காரணங்கள் அவை. படித்த மகனுக்கு முன்னால் அவற்றை வெளியே எடுக்க முடியாததால், தரம் என்ற ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அது ஒரு மஞ்சப்பைக்குள் இருந்தது.

பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். கதவு செய்ததில் மிஞ்சிய தேக்குத் துண்டு, சமையல் மேடையில் மிஞ்சிய கறுப்பு கிரானைட், போட்டோ சட்டத்துக் கண்ணாடி, ஒரு அக்ரிலிக் தகடு, ஒரு எவர்சில்வர் சொம்பு.

"தப்பா எடுத்துக்கிடக் கூடாது. புது சப்ளையர்னா மொதல்ல சாம்பிள் பாக்கது வழக்கம். பாஸ் ஆனாத்தான் ஆர்டர்."

"இன்னா சார், பொண்ணு குட்க்கறதுக்கா சாம்பிளு?"

"பொண்ணுக்கு இல்ல. குடும்பத்துக்கு" என்றார் ரவிச்சந்திரன். "இது அஞ்சுலயும் ரெண்டு பேரு பேரையும் எழுதிக் குடுங்க. ஒரே எழுத்து, ஒரே அளவு. ஒரு பீஸ் ரிஜெக்டுன்னா லாட்டே ரிஜெக்டு."

அபிஷேக் தரையைப் பார்த்தான். மங்களம் லோகநாயகியைப் பார்த்து, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கண்ணாலேயே சொன்னார்.

அவர்கள் போன பிறகு ரேவதி பைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டு மாமியாரை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. அபிஷேக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

"அப்பா, பண்ணிருவல்ல?"

"டாங்கிக்கே பாஸ் போட்டவருக்கு நம்ம கை இன்னான்னு காட்டுவோம்" என்றார் கஜபதி. அடக்கம் அவருடைய சரக்குகளில் ஒன்றல்ல.

அந்த வாரம் கடைக்கு வந்த சங்கத் தலைவர்களும் செயலாளர்களும் காத்திருந்தார்கள். கஜபதி தேக்கின் மேல் காகித டேப் ஒட்டி, அதன் வழியாகவே எழுத்தைச் சுட்டு, பிறகு டேப்பை உரித்தார். புகைக் கறை டேப்போடு போய்விட்டது. கண்ணாடிக்கு ஈரத் தாள் போர்த்தினார். அக்ரிலிக்கில் பின்பக்கமாக, இடவலம் மாற்றி எழுதினார்; முன்னாலிருந்து பார்த்தால் எழுத்து உள்ளே மிதப்பதுபோலத் தெரியும். சொம்பைச் சுழலும் தண்டில் மாட்டிச் சின்னவனுக்கு அடியில் வைத்து, நிதானமாக ஓட்டினார். வேகமாக ஓட்டினால் எவர்சில்வரில் வெள்ளைக் கீறல்தான் விழும், மெதுவாகச் சூடேற்றினால்தான் கறுப்பாகப் பதியும். கிரானைட்டை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துக் கடைசியாக வைத்தார். ஐந்திலும் நடுவாக, மேல்வரியில் மாப்பிள்ளை, கீழ்வரியில் பெண். எல்லாம் முடிந்ததும் ஐந்தையும் வரிசையாக நிறுத்தி, ஒரு டீயை மெதுவாகக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கஜபதி, லோகநாயகி, ரேவதி மூன்று பேரும் மின்சார ரயிலில் திருநின்றவூர் போனார்கள். கிரானைட் கஜபதியின் மடியில் இருந்தது. ரவிச்சந்திரன் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, லென்ஸ், ஸ்கேல், வெர்னியர் எல்லாவற்றையும் ஆபரேஷனுக்குப்போல அடுக்கியிருந்தார். தேக்கை எடுத்தார். எழுத்தின் உயரம் அளந்தார், ஓரத்தை லென்ஸில் பார்த்தார், நகத்தால் தடவினார். "ம்" என்றார். கண்ணாடி. "ம்." அக்ரிலிக், சொம்பு, கல். கடைசி "ம்" கொஞ்சம் வருத்தமாக வந்தது. கஜபதி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இன்ஸ்பெக்டர்கள் எழுத்தை அளப்பார்களே தவிரப் படிப்பதில்லை. காபி கொண்டுவந்த மங்களம்தான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாய்விட்டுப் படித்தார்.

"ர. அபிஷேக். அ. ரேவதி." பிறகு கொஞ்சம் யோசித்தார். "அ-வா? கஜபதி அண்ணன் மகள்னா க-ல்ல வரணும்?"

கஜபதி எட்டிப் பார்த்தார். ஐந்திலும் அ. பாத்திரக் கடை வாசலில் பல வருஷம் பழகிய கை, மகள் பெயர் என்று தெரிந்ததும் தானாகவே சீர்வரிசை வெட்டியிருந்தது.

ரவிச்சந்திரன் நிமிர்ந்தார். அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "இன்னும் தாம்பூலமே மாத்தல. அதுக்குள்ள இனிஷியல மாத்திட்டீங்க."

"பழக்க தோசம் சார். போற ஊட்டு இனிஷியலு கைல வந்துச்சி."

"இவுரு எப்பவுமே முந்திரிக்கொட்ட" என்றார் லோகநாயகி, எதிரிக்குச் சாட்சி சொல்லும் குரலில்.

ரேவதி அப்பாவைப் பார்த்தாள். கஜபதி கல்லைப் பார்த்தார். ஒரு பீஸ் போனாலே லாட் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். இங்கே லாட்டே பீஸ் பீஸாகப் போயிருந்தது.

ரவிச்சந்திரன் ஸ்கேலைக் கீழே வைத்தார். "தப்பான பீஸுக்கு மூணு வழி உண்டு. ஒண்ணு ரீவொர்க். மரத்த இழைச்சுருவீங்க, சொம்ப பாலிஷ் போட்டுருவீங்க. கல்லையும் கண்ணாடியையும் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது ஸ்கிராப்." அங்கே நிறுத்தினார். அந்த அ-வை மறுபடி பார்த்தார். அது அவர் மகனின் எழுத்து. கேட்காமலேயே, பெண்வீட்டுக்காரரே கல்லில் எழுதிக் கொடுத்த எழுத்து. முப்பதாண்டுத் தரக்கட்டுப்பாட்டுக்குள்ளிருந்து ஒரு மாமனார் மெல்ல எட்டிப் பார்த்தார்.

"மூணாவது வழி?" என்றார் கஜபதி.

"பீஸ மாத்த முடியலன்னா டிராயிங்க மாத்திக்கிடுவோம். தை மாசம் கல்யாணத்த வச்சுருவோம். அப்ப இந்த எழுத்து சரியாப் போயிரும்லா?"

லோகநாயகி கையெடுத்துக் கும்பிட்டார். அபிஷேக் சிரித்தான். கஜபதிக்குத் தம் தவறின் தொலைநோக்கு அப்போதுதான் புரிந்தது. வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ரேவதி. "இனிஷியல மாத்தறேன்னு நான் எப்ப சொன்னேன்?"

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அந்த வீட்டில் அவள் முதன்முதலாகப் பேசிய வாக்கியம் அது.

"அது வழக்கம்தானம்மா" என்றார் ரவிச்சந்திரன்.

"வழக்கம்னா எல்லாரும் பண்ணணும்ல அங்கிள்? அபி, நீ சொல்லு."

அபிஷேக் மின்விசிறியைப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் இல்ல ரேவா."

"ஒண்ணும் இல்லன்னா இன்னா அர்த்தம்?"

"எதுன்னாலும் ஓக்கேன்னு அர்த்தம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் ரேவதி. "கல்லுல விழுந்தது போகாது, சரி. அவன் எழுத்த நான் போட்டுக்கறேன். என் எழுத்த அவன் போட்டுக்கட்டும். இல்லாட்டி இந்தப் பைய எடுத்துக்கினு நான் ரயில் ஏறிடறேன்."

ரவிச்சந்திரனுக்குக் கணக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அபிஷேக் பெயருக்கு முன்னால் இருந்த ர-வைக் கையால் மறைத்துக்கொண்டார். "இது என் எழுத்து."

"அத யாரும் எடுக்கப் போறதில்ல அங்கிள். ர-வுக்கு முன்னாடி ஒரு கொம்பு. ரே ஆயிடும். ரே. அபிஷேக். உங்க எழுத்தும் உள்ளதான் இருக்கும்."

கஜபதி தம்மை மறந்து குனிந்தார். ஐந்திலும் ர-வுக்கு இடப்பக்கம் காலியாக இருந்தது. நடுவாக எழுதியதால் கிடைத்த இடம். தந்தை என்ற முறையில் அவர் கவலைப்பட்டிருக்க வேண்டும். தொழில் முந்திக்கொண்டது. "தாராளமா நிக்கும் சார்" என்றார்.

மங்களம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கணவர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, நிறுத்தியதற்குப் பதிலாகப் பேசினார். "எனக்கு ம-வோ ப-வோ இருந்துச்சே, எங்க அப்பா எழுத்து. அத மாத்தி ர போட்டப்ப யாரும் ஸ்கேல் வச்சு அளக்கல."

"ப" என்றார் ரவிச்சந்திரன். "உங்க அப்பா பேரு பரமசிவம்."

"ஞாபகம் இருக்குல்லா" என்று சொல்லிவிட்டு மங்களம் காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ரவிச்சந்திரன் தனியாக விடப்பட்டார். மகனைப் பார்த்தார், அவன் எதுன்னாலும் ஓக்கே என்ற நிலையிலேயே இருந்தான். கடைசியில் தமக்குத் தெரிந்த ஒரே கோட்டைக்குள் புகுந்துகொண்டார்.

"சரி. ரீவொர்க் பண்ணுங்க. ஆனா கொம்பு மத்த எழுத்தோட ஒண்ணா வரணும். அளவு, ஆழம், நெறம். பின்னால சேத்த மாதிரி தெரியக் கூடாது. ஒண்ணுல தெரிஞ்சாலும் ரிஜெக்டு."

திரும்பும் ரயிலிலும் கிரானைட் கஜபதியின் மடியில்தான் இருந்தது. ஆவடி தாண்டியதும் லோகநாயகி, "வாய வச்சிகினு சும்மா இருந்திருந்தா தை மாசம் முடிஞ்சிருக்கும்" என்றார்.

"முடிஞ்சிருக்கும்" என்றாள் ரேவதி. "அப்பா, வருமா?"

கஜபதி மடியிலிருந்த கல்லை விரலால் தடவிப் பார்த்தார். புதிதாக எழுதுவது ஒன்றுமில்லை. ஏற்கெனவே எழுதியதன் பக்கத்தில், அது போலவே, ஒரு மயிரிழை பிசகாமல் இன்னொன்றை உட்கார வைப்பதுதான் கஷ்டம். பொருளை மறுபடி அதே இடத்தில் வைக்க வேண்டும். வைத்துவிட்டோம் என்று நம்பக் கூடாது.

கடையில் மெஷினின் சிவப்புப் புள்ளியை ஒவ்வொரு ர-வின் மூலையிலும் நிறுத்தி நிறுத்திச் சரி பார்த்தார். இரட்டைக்கொம்பா ஒற்றைக்கொம்பா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். ஒற்றையாகப் போய்விட்டால் ரெ ஆகிவிடும், மாப்பிள்ளை யாரோ ஒரு ரெங்கநாதனுக்கு மகனாகிவிடுவார். கல்லில் முதலில் போட்டார். வந்தது. சொம்பைத் தண்டில் மாட்டி, பழைய எழுத்து நேரே வரும்வரை கையால் திருகித் திருகி நிறுத்தினார். வந்தது. கண்ணாடியில் ஈரத் தாள் போர்த்தினால் பழைய எழுத்து மறைந்துவிடும். எனவே முதலில் குறி பார்த்து, கண்ணாடியை நாலா பக்கமும் அசையாமல் ஒட்டி, பிறகுதான் தாளைப் போட்டார். தாளுக்கு அடியில் என்ன நடந்தது என்று தூக்கிப் பார்க்கும்வரை அவருக்கும் தெரியாது. வந்திருந்தது.

அக்ரிலிக்கில் மோசம் போகப் பார்த்தார். கொம்பை இடப்பக்கம் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தப் போனவரின் கை அப்படியே நின்றது. இது பின்பக்கம். இங்கே இடம் என்பது வலம். அழுத்தியிருந்தால் கொம்பு ர-வைத் தாண்டிப் போய்ப் பெயருக்குள்ளேயே முட்டியிருக்கும். கொஞ்ச நேரம் கடைக்கு வெளியே வந்து நின்று, சிடிஹெச் ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

தேக்கு மிச்சம். அது எளிது என்று கடைசிக்கு வைத்திருந்தார். கொம்பு விழ வேண்டிய இடத்தில் மரத்தின் ரேகை ஒன்று மெத்தென்று ஓடியதை அவர் கவனிக்கவில்லை. மெத்தென்ற இடம் சீக்கிரம் வேகும். டேப்பை உரித்தபோது கொம்பு மற்ற எழுத்துகளைவிட ஒரு சாயல் கறுப்பாக இருந்தது. பார்க்கிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. வரப்போகிறவர் பெரும்பாலோரில் சேர்ந்தவரல்ல.

இந்த முறை ரவிச்சந்திரன் தனியாகவே கடைக்கு வந்தார். கல்லைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார், கண்ணாடி, அக்ரிலிக். "ம்" கூடச் சொல்லவில்லை. தேக்கை எடுத்து லென்ஸை வைத்தார். லென்ஸ் கொம்பின் மேலேயே நின்றது. கஜபதி வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்துவிட்டார் என்று இவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ரவிச்சந்திரன் லென்ஸை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் கொம்பை மூடினார். ர. அபிஷேக். விரலை எடுத்தார். ரே. அபிஷேக். மறுபடி மூடினார்.

"நெறம் கூடியிருக்கு" என்றார்.

"ஆமா சார். ரேகை. என் தப்புதான், பாக்காம வுட்டுட்டேன்."

ரவிச்சந்திரன் விரலை எடுக்காமலே ஸ்டூலில் உட்கார்ந்தார். "நெறம் கூடினதால இது தனியாத் தெரியுது. தெரியறதால, சேத்ததுன்னு யாரு பாத்தாலும் சொல்லிருவாங்க. அப்ப ர-தான் மூலம்னு ஆயிருது."

"ஆமா சார்" என்றார் கஜபதி. அவருக்கு இந்தத் தர்க்கம் புரியவில்லை. ஆனால் அது போகிற திசை பிடித்திருந்தது.

"பாஸ்" என்றார் ரவிச்சந்திரன். தேக்கை மட்டும் தாமே பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தேக்குப் பலகை திருநின்றவூர் வீட்டு முன்னறையில் மாட்டப்பட்டது. அதற்குப் பக்கத்தில், கொம்பை மறைக்கும்படியாக, ரவிச்சந்திரன் தினசரி காலண்டர் ஒன்றை மாட்டினார். காலையில் தாள் கிழிக்கிற வேலை மங்களத்துடையது. கிழித்துவிட்டு அவர் காலண்டரை ஒரு விரற்கடை தள்ளிவைப்பார். மாலையில் அது பழைய இடத்துக்கு வந்திருக்கும்.

சில மாதம் கழித்து கஜபதி சம்பந்தி வீட்டுக்குப் போனபோது, மங்களம் தள்ளிவைத்திருந்த நேரம். பலகையின் கிட்டே போய்ப் பார்த்தார். காலண்டரின் அட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உரசி உரசி, கொம்பின் மேலிருந்த கரி தேய்ந்து, மற்ற எழுத்துகளின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்தது.

"சம்மந்தி" என்றார் கஜபதி. "இப்ப பாத்தா சேத்த மாதிரியே தெரில."

ரவிச்சந்திரன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.